உயிரிப்பொருள், திசுப் பொறியியல் ஆய்வில் கல்விப்பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரிப்பொருள், திசுப் பொறியியல் ஆகியவற்றில் முனைவர் பட்டம் பெற்றுப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ பணியாற்ற விரும்பும் மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இளநிலை இறுதியாண்டிலோ முதுநிலையிலோ பயிலும் தமிழ்நாட்டு மாணவர்களை மனத்தில் கொண்டு இவை எழுதப்பட்டுள்ளன. உதவித்தொகையும் விதிகளும் அவ்வப்போது மாறுபவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையைப் படித்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

உயிரிப்பொருள் ஆய்வும் திசுப் பொறியியலும் ஒரே துறையா?

ஒன்றையொன்று பிரிக்க முடியாத இரு துறைகள் என்று சொல்லலாம். இடுப்பு மூட்டுக்கான டைட்டானியம், உடலுக்குள் தானே கரையும் தையல் நூல், தீக்காயத்தின் மேல் ஒட்டப்படும் கொலாஜன் படலம், கண்ணுக்குள் பொருத்தப்படும் லென்ஸ் என உடல் திசுவைத் தொட்டுக்கொண்டு பணி செய்யும் எப்பொருளும் உயிரிப்பொருள் ஆய்வுக்குள் வரும். திசுப் பொறியியலின் நோக்கம், பழுதுபட்ட திசுவின் பணியை மீட்கவோ மேம்படுத்தவோ வல்ல உயிருள்ள மாற்றை உருவாக்குவது. ராபர்ட் லாங்கரும் ஜோசப் வகாந்தியும் 1993இல் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு வரையறையைத் தந்ததோடு, செல்களை மட்டும் செலுத்துவது, திசு வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் செலுத்துவது, செல்களை ஒரு தாங்கியின் மேல் வளர்த்துப் பொருத்துவது என்ற மூன்று வழிகளையும் வகுத்துக் காட்டியது. ஆய்வகங்களில் ஸ்கேஃபோல்டு என்று சொல்லப்படும் அந்தத் தாங்கி இங்கே சாரம் என்று குறிக்கப்படுகிறது.

சாரம் செய்பவருக்கு உயிரிப்பொருள் அறிவு வேண்டும். அதில் செல்லை விதைப்பவருக்குச் செல் உயிரியல் வேண்டும். இரண்டையும் ஒருவரே முழுமையாகக் கற்றுவிட முடியாது என்பதுதான் இத்துறையில் பணி வாழ்வின் போக்கைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. பின்வரும் விடைகளில் பலவும் இந்த ஒரு சிக்கலிலிருந்தே கிளைக்கின்றன.

எந்தப் பட்டம் படித்தவர்கள் இத்துறைக்கு வரலாம்?

உயிரித் தொழில்நுட்பம், உயிர்மருத்துவப் பொறியியல், வேதியியல், பாலிமர் தொழில்நுட்பம், உலோகவியல், வேதிப் பொறியியல், மருந்தியல், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என எதிலிருந்தும் வரலாம், வந்தும் இருக்கிறார்கள். ஆயினும், "எல்லாம் கொஞ்சம் தெரியும்" என்ற நிலையில் முனைவர் பட்டத்தை முடிப்பவர் ஆசிரியப் பணிக்கான நேர்காணலில் திணறுவதை அடிக்கடி காண முடிகிறது. பல்கலைக்கழகங்களில் திசுப் பொறியியல் என்ற பெயரில் தனித்துறை இருப்பது அரிது. பணியிடம் வேதியியல் துறையில் இருந்தால் அங்கே கரிம வேதியியல் பாடம் நடத்த முடியுமா என்று கேட்பார்கள். உலோகவியல் துறையில் இருந்தால் நிலை வரைபடத்தைக் கரும்பலகையில் வரையச் சொல்வார்கள். ஆகவே தாய்த்துறை ஒன்றை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டு, மற்றதை ஆய்வின் வழியாகக் கற்பதே நடைமுறைக்கு உகந்தது. பொறியியல் பின்னணியிலிருந்து வருபவர் செல் வளர்ப்பையும், உயிரியலிலிருந்து வருபவர் பாலிமர் வேதியியலையும் இயந்திரப் பண்புகளின் அளவீட்டையும் முதல் இரண்டாண்டுகளுக்குள் கற்றாக வேண்டும். புள்ளியியலுக்கு இருவருமே தனியாக நேரம் ஒதுக்குவது நல்லது.

தமிழ்நாட்டிலும் அருகிலும் எங்கெங்கே இந்த ஆய்வு நடக்கிறது?

சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை முதலில் சொல்ல வேண்டும். தோல் பதனிடும் ஆய்வுக்கென 1948இல் தொடங்கப்பட்ட நிறுவனத்துக்கு இங்கே என்ன வேலை என்று வியக்க வேண்டியதில்லை. பதனிடப்படும் தோலின் பெரும்பகுதி கொலாஜன், மனித உடலில் மிகுதியாக உள்ள புரதமும் கொலாஜன்தான். அந்த நிறுவனத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் முப்புரி வடிவத்தை 1954இலும் 1955இலும் வெளியிட்டார்கள். காயத்துக்கான கொலாஜன் படலம் குறித்துப் படிக்கும் மாணவர் பலருக்கு இது தம் ஊரில் நடந்தது என்பதே தெரிவதில்லை.

ஐஐடி மெட்ராஸில் உயிரித் தொழில்நுட்பம், பயன்முறை இயந்திரவியல், உலோகவியல் எனப் பல துறைகளில் இவ்வாய்வு பரவிக் கிடக்கிறது. 2023இல் அங்கே மருத்துவ அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் தனித்துறை ஒன்று தொடங்கப்பட்டது. தஞ்சையில் சாஸ்திரா பல்கலைக்கழகத்தின் மேம்பட்ட உயிரிப்பொருள் மையம், அண்ணா பல்கலைக்கழகம், வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தின் ஸ்டெம் செல் ஆய்வு மையம், விஐடி ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை. எல்லை தாண்டினால் பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனமும், கொச்சியின் அமிர்தா மையமும், எல்லாவற்றுக்கும் மேலாகத் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் உள்ளன. மருத்துவமனை, பொருள் ஆய்வகம், விலங்குச் சோதனைக் கூடம் ஆகியவை ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் இடங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. சித்திரைத் திருநாள் நிறுவனம் அவற்றுள் முதன்மையானது.

முனைவர் பட்டத்துக்கு எப்படிச் சேர்வது? உதவித்தொகை எவ்வளவு?

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு, கேட் தேர்வு, உயிரித் தொழில்நுட்பத் துறையும் ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் வழங்கும் ஆய்வு உதவித்தொகைகள் ஆகியவை வழக்கமான வாயில்கள். கேட் தேர்வில் 2020 முதல் உயிர்மருத்துவப் பொறியியலுக்குத் தனித்தாள் உண்டு. இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும் இரண்டாண்டுக்குப் பின் முதுநிலை ஆய்வாளராக 42,000 ரூபாயும் வழங்கும் வீதம் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். பிரதமரின் ஆய்வு உதவித்தொகை மாதம் 70,000 ரூபாயில் தொடங்கினாலும் அதன் போட்டி கடுமையானது. யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, நான்காண்டு இளநிலைப் படிப்பில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் முதுநிலை படிக்காமலேயே முனைவர் ஆய்வில் சேரலாம். விதி இடம் கொடுத்தாலும், இத்துறையைப் பொறுத்தவரை முதுநிலையில் ஆறு மாத ஆய்வுத் திட்டம் ஒன்றையாவது செய்துவிட்டு வருவது நல்லது. செல் வளர்ப்பு தமக்கு ஒத்துவருமா என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலோர் கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மேற்கோள் எண்ணையும் பார்க்கிறார்கள். அவை தவறான அளவுகோல்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இத்துறையில் அவை போதா.

முதலில், ஆய்வகத்திலிருந்து எந்த மருத்துவருடன் உண்மையாகவே கூட்டுறவு இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் ஓர் அறுவை மருத்துவரின் பெயர் இருப்பது மட்டும் கூட்டுறவாகாது. அந்த மருத்துவர் ஆய்வுக் கூட்டத்துக்கு வருகிறாரா, சாரத்தைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்து "இது தையலைத் தாங்காது" என்று சொல்கிறாரா என்பதே கேள்வி. அப்படி ஒரு வாக்கியம் ஆய்வின் முதலாண்டில் கிடைத்தால் பிந்தைய ஆண்டுகள் வீணாகாமல் தப்பும்.

அடுத்து, விலங்குச் சோதனைக் கூடம் வளாகத்திலேயே உள்ளதா, வேறு நிறுவனத்தை நம்பியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். வேறு நிறுவனத்தை நம்பியிருந்தால் ஒப்பந்தம், கட்டணம், காத்திருப்பு என்று காலம் நீளும். மூன்றாவதாக, அங்கே பட்டம் முடித்த முந்தைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்பது சிறந்தது. நெறியாளரிடம் கேட்டால் நல்ல எடுத்துக்காட்டுகளை மட்டுமே சொல்வார். அது மனித இயல்பு.

இன்னொன்றும் உண்டு. சில குழுக்களில் ஒரே சாரத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு மூலிகைச் சாற்றையோ நானோ துகளையோ சேர்த்துக் கட்டுரை எழுதிக்கொண்டே போவார்கள். எண்ணிக்கை பெருகும், ஆனால் ஐந்தாண்டுக்குப் பின், "நீங்கள் கண்டறிந்தது என்ன?" என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இராது. அத்தகைய குழுவில் சேர்வதைவிட ஓராண்டு காத்திருப்பது மேல்.

முனைவர் ஆய்வின் அன்றாட வேலை எப்படி இருக்கும்?

செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. செல்கள் வளரும் ஊட்டக் கரைசலை ஊடகம் என்பார்கள்; இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். செல்கள் தட்டை நிரப்பும் முன் பிரித்து வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் ஊடகம் தெளிந்த இளஞ்சிவப்பாக இருக்கிறதா, கலங்கி மஞ்சளாகிவிட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மஞ்சளாகிக் கலங்கியிருந்தால் நுண்ணுயிர் புகுந்துவிட்டது என்று பொருள். பல வாரச் சோதனை குப்பைக்குப் போகும். கன்றின் குருதியிலிருந்து எடுக்கப்படும் சீரம் 500 மில்லி பாட்டில் ஒன்றுக்கே பல்லாயிரம் ரூபாய் ஆவதால், அந்த இழப்பு மாணவருடையது மட்டுமல்ல.

பொருளைச் செய்யும் பக்கத்திலும் தொல்லைகள் உண்டு. மின்புல நூற்பு முறையில், பாலிமர்க் கரைசலைப் பத்து இருபது கிலோவோல்ட் மின்னழுத்தத்தில் ஊசி முனையிலிருந்து இழுத்து நானோ இழைகளாகச் சேகரிக்கிறோம். மே மாதத்தில் வழவழப்பாக வந்த அதே இழை, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மேற்பரப்பெங்கும் துளைகளோடும் இடையிடையே மணிகளோடும் வரும். கரைசலின் செறிவையும் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து மாணவர் களைத்துப்போவார். காற்றின் ஈரப்பதத்தைக் குறித்துவைத்திருந்தால் விடை அங்கேயே இருந்திருக்கும். சென்னை போன்ற கடலோர நகரங்களில், ஈரப்பத எண் இல்லாத நூற்புக் குறிப்பைக் குறிப்பாகவே கருத வேண்டியதில்லை.

செல்கள் உயிரோடு உள்ளனவா என்று பார்க்கும் எம்டிடி சோதனை இன்னொரு பொறி. மஞ்சள் நிறச் சேர்மத்தை உயிருள்ள செல் ஊதா நிறப் பொருளாக ஒடுக்கும். ஊதா மிகுந்தால் செல் மிகுந்தது என்று கணக்கு. ஆனால் சாரத்தில் மூலிகைச் சாற்றைச் சேர்த்திருந்தால், அதிலுள்ள பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமலும் அச்சேர்மத்தை ஒடுக்கி ஊதாவாக்கிவிடக்கூடும். 120 விழுக்காடு செல்கள் உயிரோடு உள்ளன என்று பெருமையாகக் காட்டப்படும் வரைபடங்களில் சில இவ்வாறு பிறந்தவையாக இருக்கலாம். செல் இல்லாத சாரத்தை மட்டும் வைத்து ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை செய்தால் ஐயம் தீரும். தேர்வாளர்கள் இதைக் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும்.

முனைவர் பட்டம் முடிய ஏன் இவ்வளவு காலம் ஆகிறது?

விதிப்படி குறைந்தது மூன்றாண்டு, பொதுவாக ஆறாண்டுக்குள். இத்துறையில் ஐந்தாண்டு ஆவது இயல்பு. விலங்குச் சோதனைக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், மனிதத் திசுவுக்கோ குருதிக்கோ மனித நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஸ்டெம் செல் ஆய்வு ஐசிஎம்ஆரின் 2017ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல்களுக்கு உட்பட்டது. இக்குழுக்கள் சில மாதங்களுக்கு ஒருமுறையே கூடுகின்றன. எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் முயல் சோதனைக்குப் பன்னிரண்டு வாரம் வரை தேவைப்படும். அதன்பின் கனிமம் நீக்கி, வெட்டி, சாயமேற்றிப் பார்ப்பதற்கு மேலும் வாரங்கள் ஆகும். ஆகவே ஒப்புதல் விண்ணப்பத்தை இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பொருள் முழுமையடைந்த பின் எழுதலாம் என்று காத்திருப்பவர்களே ஆறாம் ஆண்டில் நீட்டிப்புக் கேட்டு நிற்கிறார்கள்.

நெறிமுறைக் குழுக்களை வெறும் தடையாகக் கருதலாமா?

அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினியின் வரலாறு அறிந்தவர் அப்படிக் கருத மாட்டார். 2011 முதல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், செயற்கை மூச்சுக்குழல் சாரத்தின் மேல் நோயாளியின் ஸ்டெம் செல்களை விதைத்து மூவருக்கு அவர் பொருத்தினார். உலகமே பாராட்டியது, ஆனால் அந்தச் செயற்கைக் குழல் அதற்கு முன் விலங்குகளில் முறையாகச் சோதிக்கப்பட்டிருக்கவில்லை. மூவருமே பின்னர் இறந்தனர். அங்கே பணியாற்றிய மருத்துவர்கள் சிலர் நோயாளிகளின் பதிவேடுகளைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து முறையிட்டபோது, தொடக்கத்தில் அவர்களே சந்தேகத்துக்கு உள்ளானார்கள். லான்செட் இதழ் 2018இல் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இவ்வழக்கில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய அறிவியல் செய்தி ஒன்றும் அடங்கியிருக்கிறது. நுண்குருதிக் குழாயிலிருந்து சுமார் 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்லுக்கு ஆக்சிஜன் போதிய அளவு சென்று சேராது. குருதியோட்டமில்லாத தடித்த குழலின் மேல் தூவப்பட்ட செல்கள் எப்படிப் பிழைத்துத் திசுவாகும் என்ற எளிய கேள்விக்கு அந்தக் கட்டுரைகளில் தக்க விடை இருக்கவில்லை.

கட்டுரைகளை எங்கே வெளியிடுவது?

பயோமெட்டீரியல்ஸ், ஆக்டா பயோமெட்டீரியாலியா, பயோஃபேப்ரிகேஷன் போன்ற இதழ்கள் துறையினர் மதிப்பவை. முனைவர் ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளில் நீக்கியது. பல நிறுவனங்கள் இன்னும் அதைக் கேட்கின்றன. ஏற்கத்தக்க இதழ்களை வரிசைப்படுத்திய யுஜிசி-கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டதால், போலி இதழை இனங்காணும் பொறுப்பு இப்போது மாணவரிடமும் நெறியாளரிடமும் வந்து சேர்ந்துள்ளது. நான்கு நாளில் ஏற்பதாகச் சொல்லிக் கட்டணம் கேட்கும் மின்னஞ்சலை அழித்துவிடலாம்.

முதுமுனைவர் ஆய்வுக்கு வெளிநாடு செல்வது கட்டாயமா?

சட்டப்படி இல்லை, ஆனால் ஐஐடி, இந்திய அறிவியல் நிறுவனம் போன்றவற்றின் நியமனப் பட்டியல்களைப் பார்த்தால் நடைமுறையில் பெரும்பாலும் ஆம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. போவதானால், முனைவர் பட்டத்தில் செய்ததையே வேறு கருவியில் செய்யும் ஆய்வகத்துக்குப் போவதில் பயனில்லை. சாரம் செய்தவர் நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்துக்கும், செல் உயிரியலார் செல்களை அச்சிட்டுத் திசு அமைக்கும் உயிரி அச்சு ஆய்வகத்துக்கும் போனால், திரும்பி வரும்போது தமக்கென ஒரு கேள்வியோடு வருவார்கள். திரும்புபவர்களுக்கு ராமலிங்கசாமி, ராமானுஜன் உதவித்தொகைகள் உண்டு. இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டம் மாதம் 1,25,000 ரூபாயோடு ஆண்டுக்கு ஏழு லட்சம் ரூபாய் ஆய்வு நிதியும் ஐந்தாண்டுக்கு வழங்குவது. ஆனால் அது நிரந்தரப் பணி ஆகாது என்பதை மறக்கக் கூடாது.

உதவிப் பேராசிரியரான பின் ஆய்வகம் அமைப்பது எப்படி? ஊதியம் என்ன?

ஐஐடியில் முதல்நிலை உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 1,01,500 ரூபாய். யுஜிசி ஊதிய விகிதத்தைப் பின்பற்றும் பல்கலைக்கழகங்களில் 57,700 ரூபாய். தனியார் கல்லூரிகளில் இதற்கு ஒரு வரையறை சொல்ல இயலாது. அங்கே வாரத்துக்குப் பதினாறு மணி நேர வகுப்பும், தரவரிசைக்கான கட்டுரை இலக்கும், சேர்க்கைப் பணியும் சேர்ந்து வரும். அச்சூழலிலும் தரமான ஆய்வு செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பது பாராட்டுக்குரியது.

தொடக்கத்திலேயே முழு ஆய்வகம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உயிர்ப்பாதுகாப்புப் பெட்டி, கரியமில வாயு இன்குபேட்டர், தலைகீழ் நுண்ணோக்கி, மைனஸ் 80 பாகை உறைபெட்டி, இவற்றுக்குத் தடையில்லா மின்சாரம் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். இவற்றில் எல்லோரும் மறப்பது கடைசியில் சொன்ன மின்சாரத்தை. எலக்ட்ரான் நுண்ணோக்கி, மைக்ரோ சிடி போன்றவற்றைப் பொதுக் கருவி மையங்களில் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம். மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான செர்ப்புக்கு மாற்றாக வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் இளம் ஆய்வாளர் மானியம் மூன்றாண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பணியில் சேர்ந்த முதலாண்டிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

நாம் செய்யும் ஆய்வு நோயாளியைச் சென்றடையுமா?

அடையலாம், நீண்ட காலத்துக்குப் பின். அமெரிக்க ஆய்வாளர் லாரா நிக்லாசன் விலங்குச் செல்களைக் கொண்டு ஆய்வகத்தில் தமனி வளர்த்ததாக 1999இல் சயின்ஸ் இதழில் எழுதினார். அவ்வழியில் மனிதச் செல்களால் வளர்த்து, பின் செல்களை நீக்கிய குருதிக் குழாய்க்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது 2024 டிசம்பரில். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அவர் நிறுவனமும் தொடங்க வேண்டியிருந்தது.

நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு சித்ரா இதய வால்வு. இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தானின் தலைமையில் 1970களின் பிற்பகுதியில் திருவனந்தபுரத்தில் தொடங்கிய முயற்சியில் முதல் மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனையில் தோற்றன. செயற்கை நீலக்கல்லால் ஆன வட்டும் முயன்று கைவிடப்பட்டது. இறுதியில் கோபால்ட் உலோகக்கலவைச் சட்டத்துக்குள் மிகு மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் வட்டு சாய்ந்து திறக்கும் வடிவம் நிலைபெற்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட அவ்வால்வை டிடிகே நிறுவனம் தயாரித்து விற்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பொருத்தப்பட்டுள்ளது. பாலிஎத்திலீன் அப்போதும் புதிய பொருளன்று. புதிய பொருளைக் கண்டுபிடித்தால்தான் ஆய்வு என்று எண்ணும் மாணவர்கள் இந்த வால்வின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

பேராசிரியர் பணி கிடைக்காவிட்டால்?

கிடைக்காதவர்களே மிகுதி, அதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடும் நெறியாளர் நல்லவர். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் நடைமுறைக்கு வந்த பின், ஐஎஸ்ஓ 10993 தரநிலைப்படி உயிர்ப்பொருத்தச் சோதனை செய்யவும், அறிக்கை எழுதவும், ஒப்புதல் கோப்புகளைத் தயாரிக்கவும் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடியுள்ளது. முனைவர் ஆய்வின்போதே தம் பொருளுக்கு அத்தரநிலையின் ஐந்தாம் பகுதிப்படி செல் நச்சுத்தன்மைச் சோதனையை முறையாகச் செய்து பதிவு செய்தவருக்கு இவ்வேலை எளிதில் வசப்படும். சொந்த நிறுவனம் தொடங்க எண்ணுபவர்களுக்குப் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு உதவும் அரசு அமைப்பான பைராக்கின் பிக் மானியம் 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். விண்ணப்பத்தில் கேட்கப்படும் முதல் கேள்வியே எந்த நோயாளிக்கு, எந்த மருத்துவரின் தேவைக்காக இப்பொருள் என்பதுதான். காப்புரிமை கோர விரும்புபவர், கருத்தரங்கில் சுவரொட்டி வைக்கும் முன்பே தற்காலிக விண்ணப்பத்தைத் தாக்கல் செய்துவிட வேண்டும். வெளியிட்ட பின் தாக்கல் செய்தால் புதுமை என்ற தகுதி பெரும்பாலும் போய்விடும்.